தப்பை எங்கே நிறுத்துவது?

(கலைக்குழுக்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில், தஞ்சை வட்டாரத்துத் தப்பிசைத் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

நம்ம குழுக்கள் ஊர் ஊராப் போயி நிகழ்ச்சி நடத்திட்டுத் திரும்பும்போது சனங்க சொல்ற ஒரு வார்த்தைய எல்லாரும் கேட்டிருப்பீங்க. "அடி பிரமாதம்ப்பா." அதோட நிறுத்திக்கிறாங்க. யாரைப் பத்திப் பாடினோம், என்ன நடந்துச்சுன்னு பாடினோம்னு கேட்டா சொல்லத் தெரியல. அது சனங்களோட குறை இல்ல. முக்கால் மணி நேரம் தொண்டை வறள நாம் பாடியிருக்கிறோம். ஒரு ஊரில் நடந்த அநியாயத்தை, மறுக்கப்பட்ட கூலியை, ஒரு கொலையைச் சொல்லியிருக்கிறோம். அவங்க காதுக்குப் போய்ச் சேர்ந்தது சத்தம் மட்டும்தான். கதை பாதி வழியிலேயே, கரை உடைஞ்ச வாய்க்கால் தண்ணி மாதிரி வேற வயலுக்குப் போயிருச்சு.

மைக்கை மாத்தினா சரியாப் போயிரும்னு சில தோழர்கள் சொல்றாங்க. மைக் பற்றியும் பேசத்தான் போகிறேன். ஆனால் இதை வெறும் மைக் விவகாரமாக நான் பார்க்கவில்லை. சத்தத்துக்கும் கதைக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கணக்குக்குள்ளே சாதி உட்கார்ந்திருக்கிறது. யாருடைய சத்தம் ஊருக்கு வேண்டும், யாருடைய கதை ஊருக்கு வேண்டாம் என்பது இந்தக் காவிரிப் படுகையில் வெகுகாலத்துக்கு முன்பே முடிவு செய்யப்பட்ட விஷயம்.

பறை என்றால் பேச்சு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவதைப் 'பறயுக' என்றுதான் சொல்கிறார்கள். குமரிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் அந்தச் சொல் பேச்சில் உண்டு. தொல்காப்பியம் திணைக்குத் திணை கருப்பொருளில் பறையை வைத்திருக்கிறது. மருதத்துக்கு, அதாவது நம்ம நெல்லு வயலுக்கு, உரியது நெல்லரிகிணை என்று இலக்கணக்காரர்கள் எழுதி வைத்தார்கள். நெல் அறுக்கும்போது முழக்குகிற பறை. அப்போ கருவியும் பேச்சும் ஒரே சொல். வேலையும் இசையும் ஒரே களம். இது எங்கே பிரிஞ்சுச்சுன்னு யோசிக்கணும்.

தண்டோராவை எடுத்துக்கங்க. அடிக்கிறவர் நம்ம ஆள். தெரு முனையில நின்னு நாலு அடி அடிச்சு, நிறுத்தி, சேதி சொல்லுவார். ஒரு கைவினையாகப் பார்த்தால் இதைவிடத் துல்லியமான இசைக் கணக்கு கிடையாது. அடி எதுக்கு? ஆளைக் கூப்பிட. அடி நின்னா பேச்சு தொடங்குது. பேச்சு முடிஞ்சா மறுபடி அடி. ஆனா அவர் சொல்ற சேதி யாரோடது? வரி கட்டுங்க, ஏரிய ஏலம் விடுறாங்க, வாய்க்கா வெட்ட ஆள் வாங்க. அதிகாரத்தோட சேதி. கை நம்முடையது, தோல் நாம் பதப்படுத்தியது, சத்தம் நம்முடையது, சொல் மட்டும் அடுத்தவனுடையது. தமிழக அரசு 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் முறைக்குத் தடை விதித்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சத்தம் ஒருவனுக்கு, சொல் இன்னொருவனுக்கு என்கிற அந்த ஏற்பாடு ஒரு அரசாணையில் முடிந்துவிடவில்லை. அது வேற வேற மேடையில வேற வேற வேசத்துல நிக்குது.

சாவு வீட்டுக்கு வாங்க. வெளியில பந்தல் ஓரம் நம்ம ஆட்கள் தப்படிக்கிறாங்க. உள்ளே பொம்பளைங்க வட்டமா உக்காந்து தோளைக் கட்டிக்கிட்டு ஒப்பாரி வைக்கிறாங்க. செத்தவன் யாரு, எந்த ஊர்லேர்ந்து பொண்ணெடுத்தான், எத்தனை நாத்து பறிச்சான், அண்ணன் தம்பி எப்படி ஏமாத்தினாங்க, எல்லாம் ஒப்பாரியில வந்துரும். ஒரு முழு வாழ்க்கை வரலாறு. வெளியே அடிக்கிறவர்களுக்கு அந்த வரலாறு கேட்காது. உள்ளே பாடுகிறவர்களுக்குத் தாளம் தேவைப்படவில்லை, மூச்சும் விம்மலுமே அளவு. சத்தம் ஆம்பளையோடது, கதை பொம்பளையோடது. ஒரே வீட்டு வாசப்படிக்கு அந்தண்டையும் இந்தண்டையும் ரெண்டும் நிக்குது, சந்திக்கிறதே இல்ல. நம்ம குழுக்களில் பெண்களைப் பின்பாட்டுக்கு நிறுத்திவைக்கும் பழக்கம் ரொம்ப நாள் இருந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவர்கள் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து அதை உடைத்தார்கள், பெரிய காரியம். நான் இன்னொன்றையும் கேட்கிறேன். பெண்கள் நம்மிடமிருந்து அடியை எடுத்துக்கொண்டார்கள். நாம் அவர்களிடமிருந்து கதை சொல்லும் வித்தையை எடுத்துக்கொண்டோமா? ஒரு ஒப்பாரிக்காரி முன்னாடி நோட்டுப் புத்தகத்தோட உக்காந்து கேட்ட பாட்டுக்காரன் நம்மில் எத்தனை பேர்?

இந்தப் படுகையின் பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். ஆதனூர் நந்தன். கொள்ளிடக் கரை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதுகிறபோது அந்தப் புலைப்பாடியை வெறும் பெயராகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மாமரத்தில் பறை தொங்குவது வரைக்கும் வருணிக்கிறார். நந்தன் என்ன செய்தார்? கோயில்களில் முழங்குகிற பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். யோசிச்சுப் பாருங்க. கோயிலுக்குள்ளே கேட்கிற அத்தனை சத்தமும் சேரியிலேர்ந்து போனது. அந்தச் சத்தம் சன்னதி வரைக்கும் போகும். கொடுத்தவன் வாசலுக்கு வெளியே நிற்பான். திருப்புன்கூரில் நந்தி விலகியது என்று கதை. ஆள் உள்ளே போனதாகக் கதை இல்லை. தில்லையில் உள்ளே போவதற்குத் தீயில் இறங்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை எடுத்து 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' செய்தார். மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு ஆண்டையை அவர்தான் கொண்டுவந்தார். பண்ணையாள், வேதியர் ஆண்டை, சிதம்பரம் போக அனுமதி, நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் விளைய வைக்கிற அற்புதம், எல்லாம் அவருடைய தஞ்சாவூர்ச் சரக்கு. தன் கண் முன்னால் இருந்த பண்ணையடிமை முறையைக் கதைக்குள் இழுத்துக்கொண்டு வந்தார் என்று அதைச் சொல்ல வேண்டும். கீர்த்தனை மட்டும் வைத்திருந்தால் அது சபைக்குள்ளேயே நின்றிருக்கும். அவர் நொண்டிச்சிந்தையும் கண்ணியையும் எடுத்தார். கதை ஓட வேண்டிய இடத்தில் சிந்து, மனசு நிற்க வேண்டிய இடத்தில் கீர்த்தனை. சத்தத்தையும் கதையையும் பங்கு போடுவதில் அந்த மனுசனிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, அவர் என்ன சாதியாக இருந்தாலும். ஆனால் அந்தக் கதையின் முடிவில் நந்தன் வேலையை நிறுத்தவில்லை, கூலி கேட்கவில்லை, அனுமதி கேட்டார். அதனால்தான் அது கதாகாலட்சேப மேடையில் தாராளமாக ஓடியது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்கள் வந்தன. தோல் கொடுத்தவனின் கதையை எல்லாரும் பாடிவிட்டார்கள், தோல் கொடுத்தவன் வாயைத் தவிர.

அது அந்தக் காலம்னு நெனைக்காதீங்க. மிருதங்கம் செய்கிறவர்கள் யார்? பசு, ஆடு, எருமை மூன்று தோலும் அதில் இருக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த செபஸ்தியான் குடும்பத்தார், தலித் கிறித்தவர்கள், தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு வேலை செய்த பர்லாந்து அந்தக் குடும்பத்துக்காரர். வலந்தலையில் சுதி எங்கே நிற்க வேண்டும், எந்தத் தோலை எத்தனை மெலிசாகச் சீவினால் அந்த நாதம் வரும் என்பதை விரலாலும் காதாலும் முடிவு செய்கிறவர் அவர். கச்சேரி மேடையில் அவர் பேர் வராது. டி.எம். கிருஷ்ணா அவர்களுடைய வரலாற்றை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதி, 2020இல் வெளியிடப் போனபோது, முதலில் இடம் கொடுத்த கலாக்ஷேத்ரா பிறகு மறுத்துவிட்டது. வேறு இடத்தில், ஆசிய இதழியல் கல்லூரியில், தோழர் தொல். திருமாவளவன் கலந்துகொள்ள அது வெளியானது. மிருதங்கத்தின் சத்தத்துக்கு அந்த மண்டபத்தில் என்றைக்கும் இடம் உண்டு. மிருதங்கம் செய்தவனின் கதைக்கு 2020இலும் இடம் இல்லை.

சரி, நம்ம மேடைக்கு வருவோம். தொண்ணூறுகளில் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி தலித் கலை இலக்கியம் பற்றிய பேச்சு சூடாக இருந்த நேரம், பறையைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. ஒன்று, சாவுக்கும் சாமிக்கும் அடிக்கிற இழிவுக் கருவி இது, உடைத்துப் போடு, கொளுத்து என்றது. இன்னொன்று, இதுதான் நமது ஆதி இசை, விடுதலையின் குரலாக மேடை ஏற்று என்றது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. சாவுக்கு அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்காக எத்தனையோ சேரியில தண்ணியும் வேலையும் நிறுத்தினாங்க. அந்த மறுப்பு எந்தப் பாட்டையும்விடப் பெரிய கதை. அந்த விவாதத்தில் எனக்கு ஒரு குறை. பறையை அடிக்கலாமா வேண்டாமா என்று பேசினோம். அடித்தால் கூட எதைச் சொல்லுவது, எப்படிச் சொன்னால் காதில் விழும் என்று அந்த அளவுக்குப் பேசவில்லை.

பேசினவங்க இருந்தாங்க. கே.ஏ. குணசேகரன், சிவகங்கைப் பக்கம் மாரந்தைக்காரர், 'தன்னானே' குழு நடத்தியவர், 2016இல் மறைந்தார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு ஊர் ஊராகப் போனது அவர் குரலில்தான். இன்குலாபும் அதே 2016இல் போய்விட்டார். குணசேகரன் பாடினதைக் கேட்டவங்களுக்குத் தெரியும். குரல் முன்னால, தோல் பின்னால. அடி ஏறுகிற இடத்தில் அவர் சொல்லைப் போட மாட்டார். சொல்லை முடித்துவிட்டு அடியைக் கூப்பிடுவார். இன்னொருத்தர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன்னு சொன்னாத்தான் தெரியும், 2005இல் காலமானார். கோயில் வழிபாட்டில் கர்நாடக இசையை வைத்துக்கொண்டு ஏழைகளின் இறையியலைப் பேச முடியாது, நாட்டுப்புற மெட்டுக்குள்ளேயே ஒரு உலகப் பார்வை இருக்கிறது என்று வாதாடினார். மெட்டு வெறும் பாத்திரம், எதை வேணா ஊத்திக்கலாம் என்று நினைக்கிறவர்கள் அவரைப் படிக்க வேண்டும்.

இப்போ கைவேலைக்கு வர்றேன். இதைத்தான் முக்கியமாச் சொல்ல வந்தேன்.

தப்பில் இரண்டு குச்சி. வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெலிசான மூங்கில் சுண்டுக்குச்சி. அடிக்குச்சி கொடுக்கிறது கனமான முழக்கம். சுண்டுக்குச்சி கொடுக்கிறது 'சட்சட்' என்று தெறிக்கிற சத்தம். தமிழில் க, ச, ட, த, ப, ற என்று வல்லினம் இருக்கில்லையா, அதெல்லாம் என்ன? வாய்க்குள்ளே காற்றை அடைத்துச் சட்டென்று விடுகிற ஒரு சின்ன வெடிப்பு. அதுவும் ஒரு அடிதான். சுண்டுக்குச்சி தெறிக்கிற நேரத்தில் நீ வல்லினம் சொன்னால் ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுரும். பெரிய சத்தம் சின்னதைத் தின்னும். 'கட்டுப்பட்டு', 'பட்டாக்கத்தி' என்று எழுதிவிட்டு அதன் மேலேயே பத்துத் தப்பை ஓட்டினால் கேட்கிறவனுக்கு வெறும் 'அ... உ... ஆ...' தான் மிச்சம். மெல்லினமும் இடையினமும் நெடிலும் தப்பிச்சுக்கும். ங, ஞ, ந, ம, ய, ர, ல, வ, அப்புறம் ஆ, ஏ, ஓ. இதெல்லாம் நீண்டு நிக்கிற ஓசை, அடிக்கு நடுவால நீந்தி வெளிய வந்துரும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நடவுப் பாட்டைக் கேட்டுக் கற்றது. 'தன்னானே தானானே' என்பதில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு சொல்லுலயும் முதல் எழுத்து ஒண்ணுதான் வல்லினம், மீதி எல்லாம் மெல்லினமும் நெடிலும். 'ஏலேலோ' பாருங்க, வல்லினமே கிடையாது. தண்ணி நிக்கிற வயல்ல, அடுத்த கட்டளை வரைக்கும் போய்ச் சேரணும்கிறதுக்காக நம்ம ஆத்தாக்கள் தேர்ந்து எடுத்த எழுத்துங்க அது. அர்த்தமில்லாத அசைன்னு நாட்டார் வழக்காற்றியல்ல எழுதுறாங்க. எட்டி விழுவதற்கென்றே செதுக்கப்பட்ட அசை என்று நான் சொல்வேன். ஆக, பாட்டு எழுதுகிற தோழர்களே, கதையின் ஆணிவேரான சொல், ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ அளவோ, அடிக்கு நடுவில் வந்தே ஆக வேண்டுமென்றால் அதை நெடிலில் உட்கார வையுங்கள். இல்லையா, அடியை நிறுத்துங்கள்.

அடுத்தது தோல். தீயில காய்ச்சி எடுத்த சூட்டுல சுதி உச்சியில இருக்கும், 'டங்'குன்னு தெறிக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரக்காத்துல, மார்கழிப் பனியில, கொஞ்ச நேரத்துலயே தொய்ஞ்சிரும். எல்லாரும் தொய்ஞ்ச உடனே ஓடிப்போய் மறுபடி வைக்கோலைக் கொளுத்தறாங்க. நான் சொல்றது, நிகழ்ச்சி வரிசையத் தோலுக்குத் தகுந்தாப்புல போடுங்க. சூடான தோல் ஆட்டத்துக்கு. ஊரைக் கூட்டுறதுக்கு, இளவட்டங்களை எழுப்புறதுக்கு. தொய்ஞ்ச தோல் கதைக்கு. தொய்வில் வருகிற தாழ்ந்த முழக்கம் குரலுக்கு அடியில் பாய் விரிச்ச மாதிரி கிடக்கும், குறுக்கே வராது. சுண்டுக்குச்சியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அடிக்குச்சி மட்டும், அதுவும் ஒருவர் மட்டும். பத்துப் பேரும் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்னு கேட்கிறாங்க. நிக்கட்டுமே. பத்துப் பேர் கையில் தப்போட அடிக்காம நின்னு ஒரு கதையைக் கேட்கிறது சனங்களுக்குப் புது அனுபவம். அவங்களும் கேட்க ஆரம்பிச்சிருவாங்க.

மைக் பத்திச் சொல்றேன்னேன். கூம்பு ஒலிபெருக்கிக்கு முன்னால தப்பு தேவையே இல்ல, தப்புக்கு மைக்கே வேண்டாம். பாடுறவருக்கு மட்டும் மைக், அடிக்கிறவங்க பத்தடி தள்ளிப் பின்னால. அவ்வளவுதான்.

நம்ம மண்ணிலேயே இதுக்கு முன்மாதிரி இருக்கு. தஞ்சாவூர் லாவணி. மராட்டியர் காலத்தோட வந்து, காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டு பேர் விடிய விடிய வாதம் பண்ணுவாங்க. கையில 'டேப்'புன்னு ஒரு தோல்கருவி. லாவணிக்காரன் பாடுறதும் அவனே, அடிக்கிறதும் அவனே. தன் வாதத்தைத் தானே அமுக்கிக்கொள்கிற முட்டாள் உண்டா? எதிராளி மடக்கணும்னா சொல் தெளிவா விழணும். அதனால் கேள்வி வரும்போது டேப்பு சன்னமா இருக்கும், கேள்வி முடிஞ்சதும் எகிறும். தெற்கே வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிற ஆள், கொங்குப் பக்கம் உடுக்கடிக் கதையில் உடுக்கு, எல்லாவற்றிலும் கருவி கதைக்குப் பதில் சொல்கிறது, மேலே ஏறி உட்காரவில்லை. நம்ம தப்பு மட்டும் ஏன் இப்படி ஆச்சு? சாவு வீட்டுலயும் கோயில் வாசல்லயும் நம்மைப் பேச விடல. பேசுறதுக்கு இடமே இல்லாத கருவி முழுக்க அடியாவே வளர்ந்துருச்சு. அந்த அடியின் அழகு ஒரு வகையில் அமுக்கப்பட்ட பேச்சின் அழகு. அதை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விடுதலை இசை என்று பெயர் மட்டும் மாற்றினால் போதாது.

வேணும்னா பாருங்க, ஆளும் வர்க்கத்துக்கு நம்ம சத்தத்துல இப்போ எந்தச் சங்கடமும் இல்ல. 2007இல் சென்னை சங்கமம் நடந்தது, பூங்காவெல்லாம் பறை கேட்டது. கல்லூரி விழாவில், கட்சி மாநாட்டில், சினிமாவில், நட்சத்திர விடுதித் திறப்பு விழாவில் பறை. 2025இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு பறைக் கலைஞனுக்குக் கிடைத்த அந்த மரியாதையில் எனக்கு முழுச் சந்தோசம், அதில் வாய் வைக்க மாட்டேன். நான் சொல்வது வேறு. அதே கல்லூரி விழாவில் அடி முடிந்ததும் ஒரு தோழர் மைக்கைப் பிடித்து இந்த மாதம் இந்த ஊரில் இந்தத் தெருவில் இது நடந்தது என்று பாட ஆரம்பித்தால், 'நேரமாச்சு தம்பி' என்று சொல்லுவார்கள். சத்தத்துக்கு நேரம் உண்டு. கதைக்குத்தான் நேரமாகிவிடுகிறது. 2018இல் இயக்குநர் பா. ரஞ்சித் முன்முயற்சியில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வந்தபோது அதில் எனக்குப் பிடித்தது இதுதான். கானா, ராப், பறை, கிட்டார் எல்லாம் ஒன்றாக இருந்தும் சொல்லை அமுக்கவில்லை. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள், வரிக்கு வரி விளங்கியது. கானாக்காரர்கள் சாவு வீட்டுக்குள்ளேயே கதை சொல்லிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் அங்கே கைகொடுத்தது.

கடைசியா, நீங்க இப்போ தயார் பண்ணிக்கிட்டிருக்கிற வெண்மணிப் பாட்டு.

1968 டிசம்பர் 25 ராத்திரி. கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். இது எல்லாருக்கும் தெரியும். உங்க பாட்டுலயும் இருக்கு, தப்பு உச்சத்துல, நெருப்பு நெருப்புன்னு நாலு தடவை வருது. கேக்கிறவனுக்கு ஒரு தீ தெரியுது. யார் வச்ச தீ, எதுக்கு வச்ச தீ? அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். வெளியூர் ஆளை வைத்து அறுக்காதே என்றார்கள். செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். எதிர்ப் பக்கம் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று மிராசுதார்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தார்கள். இந்த அரைப்படி உங்க பாட்டுல எங்க இருக்கு? ஒரே ஒரு வரியில, அதுவும் அடி உச்சத்துல இருக்கும்போது வந்து காணாமப் போகுது.

களத்துல நெல் அளக்கிறதைக் கேட்டிருக்கீங்களா? மரக்காலை முக்கி, தட்டி, கொட்டி, ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று இழுத்து இழுத்து ராகமாக எண்ணுவார்கள். அந்தக் குரல் நம்ம சனங்க உடம்புல ஊறிக்கிடக்கு. கூலி அளக்கிற மரக்காலிலும் முதல் எண் லாபம்தான், யாருக்கு லாபம் என்பது வேறு விஷயம். உங்க பாட்டுல நெருப்புக்கு முன்னாடி இந்த அளவைக் குரலைக் கொண்டாங்க. தப்பு வேண்டாம். மரக்காலின் விளிம்பைத் தட்டுகிற அந்த மரச் சத்தம் போதும். அரைப்படி என்றால் எவ்வளவு என்று ஒரு தடவை கையால் அள்ளிக் காட்டுங்கள். அதற்கப்புறம் தீ வரட்டும்.

இன்னொரு சங்கதி. இந்த வழக்கு 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தபோது, வசதி படைத்த நிலவுடைமையாளர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பதாகச் சொல்லி விடுதலை செய்தார்கள். அதுவும் ஒரு கதை, தோழர்களே. நம்பும்படியாகச் சொல்லப்பட்ட, நீதிமன்றத்தின் முத்திரை குத்தப்பட்ட ஒரு கதை. பணக்காரன் கெட்ட காரியத்துக்குத் தானாகப் போக மாட்டான், ஆளனுப்புவான் என்கிற ஊர் நம்பிக்கையின் மேல் கட்டிய கதை. பத்து நிமிசத் தப்பாட்டம் அதற்குப் பதில் ஆகாது. அன்றைக்கு அந்தத் தெருவில் யார் யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், குடிசைக்கு எத்தனை வாசல், எந்த வயதுக்காரர்கள் உள்ளே ஓடினார்கள் என்று ஒவ்வொன்றாக, நிதானமாக, கேட்பவன் தப்பிக்க வழியில்லாமல் சொல்லுகிற பாட்டுத்தான் அந்தத் தீர்ப்புக்குப் பதில். அதற்கு அடி குறைவாக இருக்க வேண்டும். மூச்சு அதிகமாக இருக்க வேண்டும்.

நாற்பத்து நான்கு பெயர்களும் வெண்மணி நினைவிடத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. உங்க பாட்டுல 'நாப்பத்து நாலு' மட்டும் வருது. எண்ணிக்கை முழக்கத்துக்குச் சரி, கதைக்குப் போதாது. பெயர்களை வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அடிக்குச்சியால் ஒரே ஒரு அடி, சுண்டுக்குச்சி இல்லாமல். அடுத்த பெயரை அந்த முழக்கம் அடங்கினதுக்கு அப்புறம்தான் சொல்லணும். நேரம் பிடிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து விநாடி என்றால் நாலு நிமிசத்துக்குக் கிட்ட வரும். நீளம், சனங்க எழுந்து போயிருவாங்கன்னு ஒரு தம்பி சொன்னார். கதாகாலட்சேபத்துக்கு மூணு மணி நேரம் உக்கார்ந்த ஊர் இது. நாலு நிமிசம் உக்காரும்.

சாயங்காலம் மைக் இல்லாம ஒரு தடவை செஞ்சு பாப்போம். மரக்காலுக்குக் கிராமத்துல யாரையாவது கேட்டு வாங்கிட்டு வாங்க, பிளாஸ்டிக் வாளி வேண்டாம். பெயர் வாசிக்கிறதுக்குப் பின்பாட்டில் நிற்கிற தங்கச்சிகள் ரெண்டு பேர் முன்னால வரட்டும், ஆளுக்கு இருபத்திரண்டு. அடிக்கு வயசுல மூத்தவர் ஒருத்தர் போதும். மத்தவங்க தப்பைத் தோள்ல மாட்டிக்கிட்டே நில்லுங்க, குச்சி இடுப்புல இருக்கட்டும்.